முதலில் வெட்டாதவர்

அவர் ஒருவரையும் முதலில் வெட்டியதில்லை. கணினி விளையாட்டைச் சொல்கிறேன். அவர் ஆடுவதை நான் முதன்முதல் கண்டது 2012 பங்குனியில், ஒரு சனிக்கிழமை முற்பகல், சிட்னியின் பென்டில் ஹில்லில் நாலு பேர் சேர்ந்து இருந்த ஒரு வாடகை வீட்டின் முன்னறையில். திரையில் ஓர் ஆறு, ஒரு தண்ணீர் ஆலை, மூன்று வழிப்பறிக்காரர். அவருடைய வீரன் ஆலைச் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு கேடயத்தைப் பிடித்தபடி நின்றான். மூவரும் மாறி மாறி வெட்டினார்கள். அவன் தடுத்தான். வேறு ஒன்றும் செய்யவில்லை. நான் கொண்டுபோன படிவங்களை மேசையில் வைத்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். எதற்கும் நேரம் பார்ப்பது என் பழக்கம். பதினொரு நிமிடத்தின் பின் வழிப்பறிக்காரர்களில் ஒருவன் விழுந்தான். ஒரே வெட்டு. அப்போதுதான் அவர் பின்னால் ஆள் நிற்பதை உணர்ந்து, விளையாட்டை நிறுத்தி, எழும்பித் தன் கதிரையை எனக்குத் தந்தார்.

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. அது ஏற்கெனவே போதுமான கோப்புகளில் இருக்கிறது.

அந்த வீட்டில் இருந்த நால்வரும் 2010இல் படகில் ஆஸ்திரேலியாவுக்கு வந்தவர்கள். தடுப்பு முகாமில் இருந்து, தற்காலிக விசாவில் வெளியே விடப்பட்டவர்கள். நான் அவர்களுக்குப் பல வருடங்கள் முன்பே விமானத்தில் வந்து, நார்த்மீட்டில் வீடு வாங்கி, நில அளவை வரைபடங்கள் வரையும் ஓர் அலுவலகத்தில் வேலை செய்பவன். அவர்களுக்கு வரும் ஆங்கிலக் கடிதங்களை வாசித்துச் சொல்வதும் பதில் எழுதிக் கொடுப்பதும் என் சனிக்கிழமை வேலையாக இருந்தது. வந்த கடிதம், போன கடிதம், யாருக்கு, எந்தத் திகதி என்று ஒரு கொப்பியில் குறித்துவைப்பேன். அந்தக் கொப்பிகள் இப்போதும் என்னிடம் இருக்கின்றன. இதை எழுதும்போது அவற்றைத் திறந்துவைத்திருக்கிறேன்.

கணினி வந்தது என்னுடைய தெருவிலிருந்து. எங்கள் கவுன்சில் பெரிய குப்பை எடுக்கும் வாரத்தில் வீட்டுக்கு வீடு புல்தரையில் பழைய சாமான்களைப் போட்டிருந்தார்கள். ஒரு சோபா இருக்கிறது, வந்து பாருங்கள் என்று இவர்களை நான்தான் கூப்பிட்டேன். மற்றவர்கள் சோபாவைத் தூக்க, அவர் பக்கத்து வீட்டுக் குவியலில் கிடந்த கணினியைத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரில் உழவு இயந்திரமும் தண்ணீர்ப் பம்பும் திருத்திய கை. அன்று பின்னேரமே அது வேலை செய்தது. உள்ளே அந்த விளையாட்டு இருந்தது. நடுக்கால ஐரோப்பா மாதிரி ஒரு நாடு, கோட்டைகள், சந்தைகள், கொள்ளைக்காரர். யாரோ ஒருவர் ஏற்கெனவே விளையாடி, பதினேழு படி ஏற்றிவிட்ட ஒரு வீரனும் இருந்தான்.

புதிதாக ஓர் ஆளை உருவாக்கித் தொடங்கலாமே என்று ஒருநாள் கேட்டேன்.

"ஆரோ வளத்த ஆள் அண்ணை," என்றார். "பதினேழு மட்டும் கொண்டுவந்து விட்டிருக்கினம். என்ர கையில சாகக் கூடாது."

குப்பையில் எறிந்தவர்கள் திரும்பி வந்து கேட்கப்போவதில்லை என்று சொன்னேன். அதற்கு ஓம் என்றார். ஆனால் ஆளை மாற்றவில்லை.

அவருடைய தற்காப்பு முறையை நான் கொப்பியில் தனிப் பக்கம் போட்டு எழுதியிருக்கிறேன். அந்த விளையாட்டில் வெட்டு நாலு பக்கத்தாலும் வரும்: மேலே, கீழே, இடம், வலம். எந்தப் பக்கத்தால் வருகிறதோ அந்தப் பக்கத்துக்கு மௌஸை இழுத்து, வலது பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். புதிதாக ஆடுபவர் எதிராளியின் வாள் நுனியைப் பார்ப்பார். அவர் தோளைப் பார்த்தார். வாள் பொய் சொல்லும், தோள் சொல்லாதாம். எதிராளி இடப்பக்கம் ஓங்குவான். நாம் இடப்பக்கம் தடுக்கத் தூக்கியதும் ஓங்கலைக் கைவிட்டு வலப்பக்கத்தால் இறக்கிவிடுவான். இதை அவர் "ஏமாத்து வெட்டு" என்றார். ஆகையால் ஓங்கும்போது தூக்கக்கூடாது. வெட்டு இறங்கத் தொடங்கிய பிறகுதான் தூக்க வேண்டும். அந்த இடைவெளி ஒரு கண்சிமிட்டு நேரம்கூட இல்லை. கேடயத்தை நெடுநேரம் உயர்த்தியே வைத்திருந்தாலும் கை சோர்ந்துவிடும். திரையின் மூலையில் ஒரு பச்சைக் கோடு தேய்ந்துகொண்டே வரும். அதனால் ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் நடுவில் அவர் கேடயத்தை அரைவாசி இறக்கி, கோடு நிறையவிட்டு, அரை அடி பின்வாங்கி நிற்பார். தடுக்கப்பட்டவனுடைய கை ஒரு கணம் விறைத்து நிற்கும். அப்போது ஒரு வெட்டு. அதுவும் எப்போதும் இல்லை. விரும்பினால்தான்.

நான் நடுக்காலப் போர்கள் பற்றிக் கொஞ்சம் வாசித்தவன். அந்தக் காலத்துக் கேடயம் இவ்வளவு பாரம் இல்லை, இப்படி வாளை வாளோடு மோதினால் முனை உடைந்துபோகும் என்றெல்லாம் விளக்கினேன். முழுவதையும் கேட்டார். ஓம் அண்ணை, ஓம் அண்ணை என்று ஒவ்வொரு வசனத்துக்கும் சொல்லிக்கொண்டே கேட்டார். நான் முடித்த பிறகு, புத்தகத்தில் எப்படியோ தெரியாது, இதில் சாகாமல் நிற்பதுதான் அலுவல் என்றார்.

அந்த வீட்டின் பகிடிக்காரன் ரூபன். பிளாக்டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கொத்துரொட்டி போடுபவன். ஓய்வு நாளில் சோபாவில் படுத்தபடி இந்தச் சண்டைகளுக்கு நேரடி வர்ணனை செய்வான். "அண்ணை, இவரின்ர ஆள் சாகவும் மாட்டான், வெல்லவும் மாட்டான். பென்சன் எடுக்கிற மட்டும் உந்தச் சுவரில சாய்ஞ்சு நிப்பான்," என்பான். அவர் சிரிப்பார். திரும்பமாட்டார்.

வெளியிலும் அவர் அப்படித்தான் என்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கவனித்தேன். ரயிலில் பெட்டியின் கடைசி இருக்கையில், முதுகுக்குப் பின்னால் ஒருவரும் இல்லாத இடத்தில் இருப்பார். சீட்டு விளையாட்டில் முதல் ஏலம் கேட்கமாட்டார். அவர் கார் கழுவும் இடத்தில் வேலை செய்தபோது, குழாயை யாரோ திறந்தபடி விட்டுப்போனதற்கு முகாமையாளர் இவரைப் பிடித்து எல்லார் முன்னிலையிலும் திட்டியிருக்கிறார். இவர் ஓர் அடி பின்னால் போய் நின்று முழுவதையும் கேட்டிருக்கிறார். அந்த மனிதர் களைத்து நிறுத்தியதும், காலையில் குழாய்ச் சாவி உங்களிடம்தானே இருந்தது என்று தன் அரைகுறை ஆங்கிலத்தில் ஒரு வசனம். கூட வேலை செய்த ரூபனின் சிநேகிதன் இந்தக் கதையைப் பல வாரம் சொல்லித் திரிந்தான்.

அவருக்கு உண்மையில் நிலுவையில் இருந்தது ஒன்றே ஒன்று. அகதிக் கோரிக்கை முதற்சுற்றில் நிராகரிக்கப்பட்டிருந்தது. மீளாய்வு விசாரணை ஒன்று மிச்சம். அதிலும் தோற்றால் திருப்பி அனுப்பப்படலாம். மனைவியும் ஐந்து வயது மகளும் வவுனியாவில் இருந்தார்கள். வென்றால் அவர்களைக் கூப்பிடலாம்.

நிராகரிப்புக் கடிதத்தை 2012 வைகாசியில் நான் முழுதாக வாசித்தேன். பதினான்கு பக்கம். அதில் ஒரு பந்திதான் எல்லாவற்றையும் கவிழ்த்திருந்தது. போரின் கடைசி வருடத்தில், ஆயுதம் வைத்திருந்த ஆட்கள் வந்து அவருடைய உழவு இயந்திரத்தையும் அவரையும் சாமான் ஏற்றக் கொண்டுபோனார்கள். யார் அவர்கள் என்பதை இங்கே நான் எழுதவில்லை. நேர்காணலில் முதலில், சொந்த விருப்பத்தோடு போனதாக அவர் ஒப்புக்கொண்டாராம். பிறகு கட்டாயப்படுத்தினார்கள் என்று மாற்றினாராம். ஆகவே நம்பத்தகுந்தவர் அல்லர்.

அவரிடம் கேட்டேன். அப்படித் தான் சொல்லவில்லை என்றார். வேறு விளக்கம் அவரிடம் இல்லை. அன்று என் கொப்பியில் "சந்தேகம்" என்று ஒரு சொல் எழுதினேன். இரண்டு கிழமை அந்தச் சொல்லோடுதான் அந்த வீட்டுக்குப் போய்வந்தேன். அவர் தந்த தேத்தண்ணியைக் குடித்தேன். பிற்பாடு அதை வெட்டிவிட மனம் வந்தது. எழுதியதை அழிப்பது என் வழக்கமில்லை. இப்போதும் இருக்கிறது.

மீளாய்வுக்கு ஒரு லோயர் கிடைத்தார்; வெள்ளைக்கார அம்மா, காசு வாங்காமல் செய்பவர். முகாமில் நடந்த நேர்காணலின் ஒலிப்பதிவை எழுதிக் கேட்டு எடுத்து எனக்கு ஒரு பிரதி தந்தார். இரண்டு தடவை கேட்டேன். ஒரு பிழையும் காதில் படவில்லை. அதிகாரி ஆங்கிலத்தில் கேட்கிறார்; மெல்பேர்னிலிருந்து தொலைபேசியில் ஒரு தமிழ்நாட்டுப் பெண் மொழிபெயர்க்கிறார்; இவர் பதில் சொல்கிறார். நல்ல மரியாதையான உரையாடல். மூன்றாம் தடவை வழக்கம்போல் கோடு போட்ட தாளில் நிரல் பிரித்து எழுதத் தொடங்கினேன். நிமிடம், ஆங்கிலக் கேள்வி, தமிழ்க் கேள்வி, தமிழ்ப் பதில், ஆங்கிலப் பதில்.

நாற்பத்திரண்டாவது நிமிடத்தில் நிரல்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. ஆங்கிலக் கேள்வி இரண்டு பாதி உடையது: விருப்பத்தோடு போனீரா, அல்லது கட்டாயப்படுத்தினார்களா. தமிழில் அந்தப் பெண் அதை ஆறுதலாகத் துண்டு துண்டாகச் சொல்கிறார்.

"நீங்க டிராக்டரை எடுத்துக்கிட்டுப் போனப்போ…"

"ஓம்."

"உங்க சொந்த விருப்பத்துலதான் போனீங்களா…"

"ஓம்."

அந்த இடத்தில் அந்தப் பெண் மூச்சு எடுக்கிறார். மிச்சப் பாதியைச் சொல்லத்தான் எடுத்திருப்பார். ஆனால் இவருடைய ஓம் விழுந்துவிட்டது. ஆங்கில நிரலில் "யெஸ்" என்று வருகிறது. அதிகாரி அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார். கட்டாயப்படுத்தினார்களா என்ற பாதி தமிழில் கேட்கப்படவே இல்லை.

எங்கள் ஆட்களுக்கு ஓம் என்றால் ஆம் என்பது சரி. ஆனால் ஒருவர் பேசும்போது நடுநடுவே நாங்கள் சொல்லும் ஓம், கேட்கிறேன், சொல்லுங்கோ என்பது மட்டும்தான். கதை கேட்பவர் ம் கொட்டுவது மாதிரி. முகம் தெரிந்தால் அது விளங்கும். தொலைபேசியில் முகம் இல்லை. அந்தப் பெண் ஈழத்தமிழர் ஆம் என்பதை ஓம் என்பார்கள் என்று கவனமாகக் கற்று வைத்திருந்தவர். கற்றதைச் சரியாகவே செய்தார். நான் இரண்டு தடவை கேட்டும் கண்டுபிடிக்காததற்குக் காரணமும் அதுதான். என் காதுக்கு அந்த ஓம் ஒரு பதிலாகவே கேட்கவில்லை. ஒரு மணித்தியாலப் பதிவில் அப்படி அறுபத்தாறு ஓம். எண்ணினேன்.

அடுத்த சனிக்கிழமை தாளையும் பதிவையும் கொண்டுபோனேன். அந்த இடத்தை மூன்று முறை போடச் சொன்னார். மூன்றாம் முறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"அண்ணை, அவ இன்னும் வெட்டேல்லை," என்றார். "ஓங்கினது மட்டும்தான். நான் அதுக்குள்ள தூக்கிட்டன்."

ஒரு நடுக்கால வீரனை எட்டு மாதமாகச் சாகவிடாமல் காத்தவர், தன் வாயால் ஒரு மணித்தியாலத்தில் அறுபத்தாறு தடவை கேடயத்தை முந்தித் தூக்கியிருந்தார். லோயர் அம்மா அந்த ஒரு சொல்லைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி அனுப்பினார். ஆனால் தாள் மட்டும் போதாது, விசாரணையில் அதே கேள்வி திரும்ப வரும், அவர் வாயாலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும் என்றார்.

பயிற்சி தொடங்கியது. யோசனை அவருடையது, அட்டவணை என்னுடையது, கேள்வி கேட்பவன் ரூபன். கேள்வி முழுதாக முடியும்வரை வாயிலிருந்து ஒரு சத்தமும் வரக்கூடாது, தலையும் ஆடக்கூடாது, முடிந்த பிறகும் ஒரு மூச்சு விட்டுத்தான் பதில். ரூபனுக்கு இது பெரிய கொண்டாட்டம். விசாரணை அதிகாரி மாதிரிக் காலுக்கு மேல் கால் போட்டுக்கொண்டு தொடங்குவான்.

"உமக்கு இரவைக்குப் புட்டு வேணுமோ…"

"ஓம்."

"பொறும் ஐசே. புட்டு வேணுமோ, அல்லது பட்டினி கிடக்கப்போறீரோ எண்டு கேக்க வந்தனான். நீர் ரெண்டுக்கும் ஓம் எண்டிட்டீர். பட்டினி கிடவும்."

முதல் கிழமை இருபது கேள்விக்குப் பதினைந்தில் தோற்றார். ஐந்தாம் கிழமை இருபதுக்கு ஒன்று. ரூபன் வசனத்தின் நடுவில் நிறுத்திவிட்டுக் குசினிக்குப் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வருவான். இவர் அசையாமல் அவனுடைய தோளைப் பார்த்தபடி இருப்பார். வீட்டுக்கு வெளியேயும் பழகத் தொடங்கினார். பென்டில் ஹில் பலசரக்குக் கடை அன்ரி, மீன் வெட்டித் தரவோ தம்பி என்று கேட்டுவிட்டு, முழுசாயோ என்று சேர்ப்பதற்குள் இவர் சிலை மாதிரி நிற்பதைக் கண்டு, உங்கட ஆளுக்குச் சரியான தலைக்கனம் என்று என்னிடம் குறைப்பட்டார். நான் சிரித்தேன். பயிற்சி நன்றாகப் போகிறது என்று குறித்துக்கொண்டேன்.

விசாரணை 2012 ஐப்பசியில், சிட்னி நகரின் நடுவில் ஓர் உயரமான கட்டடத்தில். துணைக்குப் போக எனக்கு அனுமதி இருந்தது. விசாரித்தவர் அறுபது வயது மதிக்கத்தக்க பெண்மணி. மொழிபெயர்ப்பாளர் இந்த முறை நேரில் இருந்தார். சென்னைக்காரர், கழுத்துப்பட்டி கட்டியவர். இரண்டாவது மணித்தியாலத்தில் அந்தக் கேள்வி வந்தது. மொழிபெயர்ப்பாளர் பாதியில் நிறுத்தித் தன் குறிப்பைப் பார்த்தார். இவர் பேசவில்லை. லோயர் அம்மாவின் பேனா தாளில் தொட்டபடி நின்றது. நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, அன்று ஒருநாள்தான்.

"கேள்வி முடிஞ்சுதோ ஐயா?" என்று கேட்டார்.

முடியவில்லை என்று சொல்லி, மொழிபெயர்ப்பாளர் மிச்சத்தையும் சொன்னார். இவர் ஒரு மூச்சு விட்டார்.

"விருப்பத்தோட போகேல்லை. சாவியைக் கேட்டவை. குடுக்காட்டி நீ வரவேண்டி இருக்கும் எண்டவை. நான் குடுத்தனான். குடுத்த பிறகும், ஓட்டத் தெரிஞ்ச ஆள் வேணும் எண்டு ஏத்திக்கொண்டு போனவை."

அந்தப் பெண்மணி அதை எழுதினார். நிமிர்ந்து, நன்றி, அது மிகவும் தெளிவு என்றார்.

2013 மாசியில் கடிதம் வந்தது. அவர் இங்கேயே நிரந்தரமாக இருக்கலாம். ரூபன் அன்று முழுக் கோழி வாங்கிச் சமைத்தான். அவர் கடிதத்தை என்னைக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை வாசிப்பித்தார். நடுவில் ஒரு சத்தமும் போடாமல் கேட்டார். சித்திரையில் மெல்பேர்னில் ஒரு கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை கிடைத்துப் போய்விட்டார். கணினியை ரூபனிடம் ஒப்படைத்தார். ரூபன் அந்தப் பதினேழாம் படி வீரனை இரண்டு நாளில் ஓர் ஆற்றங்கரையில் கொன்றுவிட்டு, இதை அவருக்குச் சொல்ல வேண்டாம் என்று என்னிடம் சத்தியம் வாங்கினான்.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். அந்தக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அடிக்கோடும் இழுத்தாயிற்று.

2013 கார்த்திகையில், ஒரு வேலைநாள் பின்னேரம், வவுனியாவிலிருந்து ஓர் அழைப்பு. அவருடைய மனைவி. அவசரத்துக்கு என்று என் இலக்கத்தை அவர் முன்பே கொடுத்து வைத்திருந்தாராம். சுகம் விசாரித்தார். பிறகு, கேட்கக்கூடாததைக் கேட்பவர் மாதிரி, அண்ணை, அங்க அவருக்கு வேற ஆரும் இருக்கினமோ என்று கேட்டார்.

இல்லை என்றேன். ஏன் கேட்கிறீர்கள் என்றேன்.

"முந்திக் கதைச்சால், சொல்லுக்குச் சொல்லு ஓம் ஓம் எண்டு கொண்டிருப்பார். இப்ப ஒரு சத்தமும் இல்லை அண்ணை. நான் பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டு சொல்லுறன், அங்கால கிணறு மாதிரிக் கிடக்கு. லைன் போயிட்டுதாக்கும் எண்டு வைச்சிடுறன். பிறகு எடுத்தால், நீ சொல்லி முடியட்டும் எண்டு பாத்தனான் எண்டு சொல்லுறார். ஒன்பது மாசமா இப்பிடித்தான். விசா கிடைச்சதோட நாங்கள் வேண்டாமல் போயிட்டமோ எண்டுதான் யோசிக்கிறன்."

நான் விளக்கினேன். நேர்காணல், ஒலிப்பதிவு, நாற்பத்திரண்டாவது நிமிடம், ரூபனின் கேள்விகள், இருபதுக்கு ஒன்று. அரை மணித்தியாலம் இருக்கும். சொல்லச் சொல்ல, என் அட்டவணையில் ஒரு நிரல் இல்லாமல் போனது எனக்கே தெரிந்தது. எந்தத் திகதியில் தொடங்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். எந்தத் திகதியில் நிறுத்த வேண்டும் என்று எழுதவில்லை.

அவருடைய மனைவி முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"அப்ப அவரிட்டச் சொல்லுங்கோ அண்ணை. நான் அவரை விசாரிக்கேல்லை. கதைக்கிறன்."

வைத்ததும் மெல்பேர்னுக்கு எடுத்தேன். மாலை ஆறரை. வேலை முடிந்து வந்திருந்தார். பின்னால் ஒரு ரயில் கடவையின் மணி அடித்துக்கொண்டிருந்தது. மனைவி சந்தேகப்பட்டதை மறைக்காமல் சொன்னேன். அந்தக் கடைசி வசனத்தை அவர் சொன்ன மாதிரியே சொன்னேன். மறுபக்கத்தில் ஒன்றும் இல்லை. மணியும் நின்றுவிட்டது. அவருடைய மனைவிக்கு ஒன்பது மாதமாக எப்படி இருந்திருக்கும் என்பது அப்போது எனக்கு விளங்கியது. அந்த வெறுமையைத் தாங்க முடியாமல், இதில் என் பிழையும் இருக்கிறது, இந்தப் பயிற்சியை நான் முன்னமே நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும், உண்மையில் விசாரணை முடிந்த அன்றைக்கே என்று தொடங்கினேன்.

"அண்ணை, வவுனியாவில இப்ப ஒரு மணி," என்றார். "ஒண்டரைக்குப் பள்ளிக்கூடம் விடும். பிள்ளையைக் கூட்டிவர அவ சைக்கிளை எடுக்க முன்னம் நான் கதைக்க வேணும். வையுங்கோ."

என் வசனம் இன்னும் முடிந்திருக்கவில்லை. நான் வைப்பதற்குள் அவர் வைத்துவிட்டார்.